மடிப்பும் மூலையும்: கரிசல் நாட்டில் தகர வேலையின் வரலாறு

தட்டையான ஓர் உலோகத் தகட்டிலிருந்து பெட்டி செய்ய முற்படுகிற எவரும், எந்த நாட்டினராயினும் எந்தக் காலத்தவராயினும், முதலில் தடைப்பட்டு நிற்பது மூலையில்தான். நான்கு விளிம்புகளையும் மேல்நோக்கி மடித்தால் பக்கச் சுவர்கள் எழுந்துவிடுகின்றன. ஆனால் இரண்டு சுவர்கள் சந்திக்கும் இடம் ஒவ்வொன்றிலும், சுவரின் உயரம் எவ்வளவோ அவ்வளவு பக்க அளவுள்ள ஒரு சதுரம் உபரியாக மிஞ்சுகிறது. அந்தச் சதுரத்தை வெட்டி எறிவதா, மடித்துச் சுவரோடு படியவைப்பதா, பாதி வெட்டிப் பாதி மடிப்பதா என்ற தீர்மானத்தைப் பொறுத்தே அந்தப் பாத்திரம் ஒழுகுமா ஒழுகாதா, துருப்பிடிக்குமா, கையைக் கிழிக்குமா, எவ்வளவு ஈயம் செலவாகும் என்பவையெல்லாம் அமைகின்றன. தென் தமிழ்நாட்டின் கரிசல் நிலத்திலும் அதையொட்டிய மலையடிவாரத்திலும் தகர வேலை எப்படி வந்து வேர்கொண்டது என்பதை ஆராயும்போது, இந்த மூலையின் வரலாறே அத்தொழிலின் வரலாறாகவும் இருப்பது தெரிகிறது.

இங்கே எடுத்துக்கொள்ளப்படும் வட்டாரம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களையும், அவற்றுக்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் நிலத்தில் அமைந்த ஆலங்குளத்தையும், இவை யாவற்றுக்கும் சந்தையாக விளங்கிய விருதுநகரையும் உள்ளடக்கியது. தென்காசி மாவட்டத்தில் இதே பெயர் கொண்ட ஆலங்குளம் வேறு. திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம், 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்ந்து, 1985-இல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட புதிய மாவட்டத்துக்கு வந்தது. எல்லைகள் இப்படி மாறினாலும் சரக்குகள் வந்த வழி பெரிதாக மாறவில்லை: தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து மதுரை செல்லும் இருப்புப் பாதை 1870-களில் விருதுபட்டி வழியாகப் போடப்பட்டது, அந்த ஊர் விருதுநகர் ஆன சில ஆண்டுகளில், 1927-இல், அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குக் கிளைப் பாதை திறக்கப்பட்டது.

தகரம் வருவதற்கு முன் இந்த நாட்டில் பண்டங்களை வைத்துக்கொள்ள ஏனங்கள் இல்லாமல் இல்லை. தானியத்துக்குக் குதிரும் மண்பானையும், கருப்பட்டிக்கும் பலகாரத்துக்கும் பனையோலைக் கொட்டானும் பெட்டியும், எண்ணெய்க்கும் நெய்க்கும் தோலால் ஆன சித்தையும், தண்ணீருக்குச் செம்பும் பித்தளையும் மண்ணும் பயன்பட்டன. உலோகத் தகடும் புதிதன்று. கோயில் கொடிமரங்களையும் மர வாகனங்களையும் செம்பு, பித்தளைத் தகடுகளால் போர்த்துவது பழைய வழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் விமானத்துக்கு அண்மைக் காலத்தில் பொன் வேய்ந்ததும் அந்த மரபின் தொடர்ச்சியே. எனினும் கம்மாளரில் கன்னார் எனப்பட்டோர் செய்த வேலையின் இயல்பு வேறு. அவர்கள் தகட்டை அடித்து நீட்டினர், குழித்தனர், உருட்டினர். தடிமனான செம்பு சுத்தியலுக்கு இணங்கி விரிந்து சுருங்கக்கூடியது என்பதால் குடமோ அண்டாவோ மூலையே இல்லாத வளைவுகளாக உருவாயிற்று. போர்வைத் தகட்டில் மூலை வந்தாலும் உள்ளே மரம் தாங்கியதால் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஆணியடித்தால் போதுமாயிருந்தது. மெல்லிய இரும்புத் தகட்டைக் கூர்மையாக மடித்து, உள்ளே எந்தத் தாங்கலும் இன்றித் தானே நிற்கும் பெட்டியாக்குவது இவற்றில் எதிலும் சேராத வேலை. கொல்லர், தச்சர், கற்தச்சர், கன்னார், தட்டார் என்ற ஐந்து பிரிவுகளில் எதற்கும் அது மரபுரிமையாக அமையாததற்கு இதுவும் ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கது.

அந்த வேலைக்கான மூலப்பொருள் இங்கே தகடாக வரவில்லை என்பதுதான் இந்த வரலாற்றின் சுவையான பகுதி. அது மண்ணெண்ணெய் டின்னாக, அதாவது ஏற்கெனவே வெட்டி மடித்துப் பற்றவைத்து முடிக்கப்பட்ட பெட்டியாக வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க மண்ணெண்ணெய் ஆசியாவுக்கு மரப்பெட்டிகளில் ஏற்றுமதியாயிற்று. ஒவ்வொரு பெட்டியிலும் ஐந்து அமெரிக்க கேலன் கொள்ளும் இரண்டு சதுர டின்கள் இருந்தன. ஐந்து அமெரிக்க கேலன் என்பது ஏறத்தாழ 19 லிட்டர். பிரிட்டிஷ் அளவையில் நான்கு கேலனுக்குச் சற்றே கூடுதல் என்பதால் இந்தியாவில் அது நான்கு கேலன் டின் என்றே வழங்கலாயிற்று. உருளையை விட்டுச் சதுரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் கப்பலின் வயிறு: சதுர டின்களை இடைவெளியின்றி அடுக்கலாம். ஆனால் உருளைக்கு இல்லாத நான்கு செங்குத்து முனைகளும், மேலும் கீழுமாக எட்டு மூலைகளும் சதுரத்தோடு வந்து சேர்ந்தன.

இந்த டின்னின் வாழ்க்கை எண்ணெய் தீர்ந்தபின் தொடங்கியது என்பதை எண்ணெய் வணிகர்களே பெரும் பொருட்செலவில் கற்றுக்கொண்டார்கள். லண்டன் வணிகரான மார்க்கஸ் சாமுவேல், காக்கசஸ் பகுதியின் மண்ணெண்ணெயை டின்களில் அடைக்காமல் கப்பலின் தொட்டிகளிலேயே நிரப்பிக் கொண்டுவந்தால் அமெரிக்கப் போட்டியாளரைவிட மலிவாக விற்கலாம் என்று கணக்கிட்டார்; அவருடைய மியூரக்ஸ் என்ற கப்பல் 1892-இல் சூயஸ் கால்வாயைக் கடந்து கிழக்கே வந்தது. வாங்குவோர் தத்தம் பாத்திரங்களைக் கொண்டுவந்து எண்ணெயை ஊற்றிக்கொள்வார்கள் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. ஆசியச் சந்தைகளிலோ மக்கள் எண்ணெயை மட்டும் கேட்கவில்லை. அமெரிக்க நிறுவனத்தின் நீல நிற டின்னையும் சேர்த்தே கேட்டார்கள், ஏனெனில் வாளியும் விளக்கும் கூரைத் தகடும் அளவைப் பாத்திரமும் அதிலிருந்தே பிறந்தன. சாமுவேல் வேல்ஸ் நாட்டிலிருந்து வெள்ளீயம் பூசிய தகட்டைக் கப்பல் கப்பலாக அனுப்பி, கிழக்குத் துறைமுகங்களில் டின் செய்யும் பட்டறைகளை அமைத்து, பளிச்சென்ற சிவப்பு டின்களில் எண்ணெயை நிரப்பித் தர வேண்டியதாயிற்று. அமெரிக்கா 1890-இல் விதித்த மெக்கின்லி சுங்கவரியால் தன் மிகப்பெரிய சந்தையில் அடிவாங்கியிருந்த வேல்ஸ் தகட்டுத் தொழிலுக்கும் இது பொருத்தமான நேரத்தில் கிடைத்த வாய்ப்பு. எண்ணெய்த் தகடு என்றே வணிகத்தில் தனி அளவு ஏற்பட்டது: 18¾ அங்குலத்துக்கு 14 அங்குலம் என்பது டின்னின் உடலுக்கு, 20-க்கு 10 என்பது மூடிக்கும் அடிக்கும். உடல் தகட்டின் 14 அங்குலம் டின்னின் உயரமாகவும், 18¾ அங்குலம் நடுவில் மடிந்து இரண்டு பக்கங்களாகவும் ஆயின என்பதை அந்த அளவுகளே காட்டிவிடுகின்றன.

ஒரு காலி டின்னைப் பிரித்துப் பார்க்கிற தகரக்காரருக்கு அது ஒரு பாடநூலாகவே அமைந்திருக்க வேண்டும். உடல் தகடுகள் இரண்டும் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருந்த விதம் கொக்கி மடிப்பு: ஒரு தகட்டின் விளிம்பை வெளிப்பக்கமாகவும் மற்றதன் விளிம்பை உட்பக்கமாகவும் கொக்கிபோல் மடித்து, ஒன்றினுள் ஒன்றை மாட்டி, தட்டி இறுக்குவது. இழுக்க இழுக்க இறுகும் இந்த இணைப்பில் நான்கு அடுக்குத் தகடு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகிறது. பக்கச் சுவரில் அது குற்றமில்லை; ஆனால் சுவர் அடித்தகட்டைச் சந்திக்கும் இடத்தில், அடித்தகட்டின் விளிம்பும் சுவரின் விளிம்பைச் சுற்றி மடிய வேண்டியிருப்பதால், நான்கு அடுக்கு எட்டாகிவிடும்; அவ்வளவு தடிமனை எந்தச் சுத்தியலாலும் சீராகப் படியவைக்க இயலாது, அங்கே விழும் மெல்லிய இடைவெளி வழியாக மண்ணெண்ணெய் கசியும். மண்ணெண்ணெய் தண்ணீரைவிட எளிதாக நுண்துளைகளில் ஊர்ந்து செல்லக்கூடியது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இதற்குத் தொழிற்சாலைகள் கண்ட வழி, கொக்கி மடிப்பதற்கு முன்பே தகட்டின் மேல், கீழ் முனைகளில் சிறு துண்டைச் சாய்வாக நறுக்கிவிடுவது. அதனால் இணைப்பின் நடுப்பகுதி நான்கு அடுக்காக நின்றாலும் முனைகளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வெறும் இரண்டு அடுக்காகக் குறைந்துவிடும். மீதமுள்ள நுண்ணிய வழியை உருக்கிய ஈயக் கலவை அடைத்துக்கொள்ளும். அரை விரல் அகலம்கூட இல்லாத அந்த நறுக்கல்தான் சதுர டின்னை எண்ணெய் தாங்கும் பாத்திரமாக்கியது என்றால் மிகையில்லை.

தென் மாவட்டச் சந்தை ஊர்களில் தகரப் பட்டறைகள் எனப்பட்டவை பெரும்பாலும் ஒரு திண்ணையும் சில கருவிகளும் மட்டுமே. தகடு வெட்டும் கத்தரி, மரத்தில் செய்த கொட்டாப்புளி, விளிம்பை மடிக்கத் தாங்கலாக நிறுத்திய இரும்புத் துண்டு, கோடு கீற ஓர் ஊசி, செம்பு முனை கொண்ட சூட்டுக்கோல், கரியடுப்பு என்பவற்றோடு வேலை முடிந்தது. கொட்டாப்புளி மரத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு: இரும்புச் சுத்தியல் அடித்த இடத்தில் தகட்டை நசுக்கி விரிக்கும், விரிந்த இடம் சுருண்டு கோடு கோணும், மரம் மடிப்பை மட்டும் திருப்பி, தகட்டின் பரப்பைக் கெடுக்காமல் விடும். பற்றவைப்பதற்கு முன் தகட்டின் மேல் படிந்த அழுக்கையும் ஆக்சைடையும் நீக்க, பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் பயன்படுத்திய நவாச்சாரமோ, துத்தநாகத் துண்டுகளைப் போட்டு ஆறவைத்த அமிலமோ பயன்பட்டது. வெள்ளீயம் 232 பாகை செல்சியஸிலும் காரீயம் 327 பாகையிலும் உருகுகின்றன. இரண்டையும் தகுந்த விகிதத்தில் கலந்தால் கலவை இரண்டையும்விடக் குறைந்த வெப்பத்தில், 183 பாகையை ஒட்டியே, உருகத் தொடங்கும் என்பது இந்தத் தொழிலுக்கு இயற்கை செய்த உதவி. ஆனால் வெள்ளீயம் விலையுயர்ந்தது. ஆகவே எந்த மூலையைப் பற்றவைப்பது, எதைப் பற்றவைக்காமல் மடித்தே முடிப்பது என்பது கைத்திறனோடு காசுக்கணக்கும் கலந்த தீர்மானமாயிற்று.

மூலையை முடிக்க வெட்டுவது, மடிப்பது என இரண்டு முறைகள் இருந்தன. வெட்டும் முறையில், மூலைச் சதுரத்தை முழுதும் நீக்காமல், ஒரு பக்கச் சுவரோடு ஒட்டிய விரல் அகலத் துண்டை மட்டும் காதாக விட்டு மற்றதைக் கத்தரித்துவிடுவர்; சுவர்களை எழுப்பியபின் காது பக்கத்துச் சுவரின் மேல் படிந்து பற்றுக்கு இடம் தரும். தகடு மிச்சம், வேலை விரைவு, ஆனால் முழு மூலையும் ஈயத்தை நம்பியே நிற்கும். அடுப்பருகே வைத்தால் பற்று இளகிவிடும். மடிக்கும் முறையிலோ சதுரத்தில் கத்தரி படுவதே இல்லை. அடி மூலையிலிருந்து வெளி மூலைக்குக் குறுக்குக் கோடு கீறி, தையல் இலையில் தொன்னை பிடிப்பவர் ஓரத்தைக் கிள்ளி மடிப்பதுபோல, அந்தக் கோட்டில் தகட்டை வெளிப்புறமாகப் பிதுக்கினால், சதுரம் இரட்டை அடுக்குள்ள முக்கோணமாகி நிற்கும். அதைச் சுவரோடு படியத் தட்டிவிட்டால் மூலை முடிந்தது. தகடு எங்கும் வெட்டுப்படாததால் பற்றே இல்லாமல் நீர் தாங்கும். நெருப்பின் மேலும் வைக்கலாம். ரொட்டிக் கடைகளில் அடுப்புக்குள் தள்ளும் கருந்தகட்டுத் தட்டுகளுக்கு இந்த மூலை ஏற்றது என்பது இதனாலேயே.

இதிலும் ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. முக்கோணத்தின் ஒரு பக்கம் அடியிலிருந்து எழுந்து நிற்க, மற்றொரு பக்கம் சுவரின் மேல்விளிம்போடு இணையாகப் படுக்கிறது. ஆகவே மேல்விளிம்பின் மூலைப் பகுதியில் சுவரும் முக்கோணத்தின் இரண்டு அடுக்குமாக மூன்று தகடு சேர்ந்துவிடும். கையைக் கிழிக்காதபடி மேல்விளிம்பை உருட்டி மடிக்க வேண்டுமானால் அந்த மூன்று தடிமனும் சேர்ந்து திரும்ப மறுக்கும். எனவே முக்கோணத்தைப் படியவைக்கும் முன்பே, விளிம்பு மடிப்புக்கு எவ்வளவு அகலம் ஒதுக்கப்பட்டதோ அவ்வளவை அதன் மேற்பகுதியிலிருந்து கத்தரித்துவிட வேண்டும். அப்போது சுவரின் விளிம்பு தனியாக மடிந்து, முக்கோணத்தின் தலையைத் தன் கீழே கவ்விப் பிடித்துக்கொள்ளும். பற்றும் ஆணியும் தேவையில்லை. கூடுதலாக வெட்டினால் கவ்வுவதற்கு ஒன்றும் இராது, குறைத்து வெட்டினால் விளிம்பு புடைக்கும். கற்றுக்குட்டியின் வேலையையும் தேர்ந்தவரின் வேலையையும் பிரித்தறிய இந்த ஓர் இடத்தைப் பார்த்தாலே போதும் என்பது மிகைக்கூற்றாகாது.

வாளியின் வாய், புனல், தகர முறம் போன்றவற்றில் விளிம்புக்குள் கம்பி வைத்து மடிப்பார்கள். கம்பியின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு அகலத்தைத் தகட்டில் கூடுதலாக விட வேண்டும் என்ற கணக்கு உலகெங்கும் தகரத் தொழிலில் வழங்குவது. கொக்கி மடிப்புக்கு இணைப்பின் அகலத்தைப்போல் மூன்று மடங்கு. தட்டையான தகட்டில் அடுத்தடுத்த இரண்டு விளிம்புகளையும் மடிக்கும்போது, மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி இரண்டையும் 45 பாகைச் சாய்வில் நறுக்குவர். அந்தச் சாய்வுக் கோடு மடிப்புக் கோடுகள் சந்திக்கும் புள்ளியைச் சரியாகத் தொட்டுவிட்டால் மடித்தபின் அங்கே ஊசித் துளை விழும் என்பதால், தகட்டின் தடிமன் அளவுக்குச் சற்று வெளியே நிறுத்துவது வழக்கம். தகட்டை மடிக்கும்போது வெளிப்பக்கம் நீள்கிறது, உட்பக்கம் ஒடுங்குகிறது. உருளைகளுக்கிடையே அழுத்தி நீட்டப்பட்ட திசைக்கு இணையாகக் கூர்மையாக மடித்தால் வெடிப்புக் காணும். இவையெல்லாம் பாடநூலில் எழுதப்படுவதற்கு வெகு முன்பே கைகளுக்குத் தெரிந்திருந்தவை.

தகரம் என்று பொதுவாகச் சொல்லப்பட்டது உண்மையில் இரண்டு வேறு பொருள்கள். ஒன்று வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகடு, மண்ணெண்ணெய் டின்னின் பொருள். மற்றது துத்தநாகம் பூசியது, பிரான்சில் சோரல் என்பவர் 1837-இல் உரிமம் பெற்ற முறையில் பிறந்து, நெளித் தகடாகக் கூரைகளுக்கும் சமத் தகடாக வாளிக்கும் டிரங்குப் பெட்டிக்கும் வந்து சேர்ந்தது. வெட்டிய விளிம்பில் இரும்பு வெளியே தெரியும்போது இவை இரண்டும் நேரெதிராக நடந்துகொள்கின்றன. துத்தநாகம் தான் முதலில் அரிக்கப்பட்டு, பக்கத்தில் வெளிப்பட்ட இரும்பைக் காக்கும். வெள்ளீயமோ காற்றும் ஈரமும் பட்ட இடத்தில் அப்படிக் காப்பதில்லை, கீறல் விழுந்த இடத்தில் இரும்பு விரைந்து துருப்பிடிக்கும். ஆகவே பழைய எண்ணெய் டின்னைக் கொண்டு வேலை செய்தவருக்கு, வெட்டிய விளிம்பை மடித்து உள்ளே மறைப்பது அழகுக்காக மட்டுமன்றிப் பொருளின் ஆயுளுக்காகவும் தேவைப்பட்டது. வெட்டாமல் மடிக்கும் மூலைக்குத் தகரக்காரர் காட்டிய விருப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று கருதலாம். துத்தநாகத் தகட்டுக்கு வேறொரு குறை உண்டு: புளியும் மோரும் ஊறுகாயும் அதை அரித்துத் தம்முள் கரைத்துக்கொள்ளும் என்பதால் அடுக்களைக்குள் அது தண்ணீருக்கும் தானியத்துக்கும் மேல் உரிமை பெறவில்லை.

டின்னிலிருந்து பிறந்தவற்றுள் காடா விளக்கும் சிம்னி விளக்கும் தனித்துச் சொல்லத்தக்கவை, ஏனெனில் டின் சுமந்து வந்த எண்ணெயையே அவை எரித்தன. உண்டியல், எண்ணெய் இறைக்கும் குவளை, ஆழாக்கு, உழக்கு, பூவாளி, ஓட்டுக் கூரையின் இரு சரிவுகள் சேருமிடத்தில் மழைநீரை வாங்கும் தகரம் என்று பட்டியல் நீளும். அலுமினியத் தகட்டுப் பாத்திரங்களைச் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சேட்டர்டன் 1898-இல் செய்யத் தொடங்கியது வேறொரு கிளைக் கதை. அங்கே தகடு மீண்டும் அடித்துக் குழிக்கப்பட்டது, மூலைக்கு வேலை இல்லை.

இந்தியாவிலேயே வெள்ளீயத் தகடு செய்யும் முயற்சி 1920-இல் டின்பிளேட் கம்பெனி ஆஃப் இந்தியா நிறுவப்பட்டதோடு தொடங்குகிறது. டாடா இரும்பு ஆலையும் பர்மா ஆயில் கம்பெனியும் சேர்ந்து ஜாம்ஷெட்பூரை அடுத்த கோல்முரியில் அமைத்த ஆலை அது. எண்ணெய்க் கம்பெனி தகட்டாலையில் பங்கு கொண்டதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. 1929-இல் அங்கு நடந்த நீண்ட வேலைநிறுத்தம் இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பெற்றது. 1928-இல் பர்மா ஆயிலும் ஷெல் எண்ணெய் நிறுவனமும் இந்திய விற்பனைக்காக ஒன்றுசேர்ந்தபின், பர்மா-ஷெல் பெயர் பொறித்த டின் கிராமங்கள்வரை சென்றது.

சதுர டின்னின் மூலை எவ்வளவு பலவீனமானது என்பதை இரண்டாம் உலகப் போர் உலகறியச் செய்தது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படை பெட்ரோலை அதே நான்கு கேலன் அளவுள்ள மெல்லிய தகட்டு டின்களில் கொண்டுசென்றது. லாரியின் குலுக்கலில் இணைப்புகளும் மூலைகளும் விட்டுப்போய், அனுப்பிய எரிபொருளில் கணிசமான பங்கு வழியிலேயே மணலில் கசிந்தது. படைவீரர்கள் அந்த டின்களை வெட்டி மணல் நிரப்பித் தேநீர் அடுப்பாக்கிக்கொண்டதுதான் அவற்றால் விளைந்த பெரிய நன்மை. ஜெர்மானியர் 1930-களின் பிற்பகுதியில் வடிவமைத்திருந்த கலன் வேறு வகை: ஒரே அச்சில் அழுத்திய இரண்டு பாதிகளை, வளைவான மூலைகளோடு, நடுவே ஒரே கோட்டில் பற்றவைத்தது. மடித்த மூலையே அதில் இல்லை. பிரிட்டிஷார் அதை அப்படியே பார்த்துச் செய்துகொண்டார்கள், அமெரிக்கர் சில மாற்றங்களோடு செய்துகொண்டார்கள். 1942-இல் மலாயாவின் வெள்ளீயச் சுரங்கங்கள் ஜப்பானியர் கைக்குப் போனபின், தகட்டை உருகிய வெள்ளீயத்தில் முக்கியெடுக்கும் பழைய முறைக்கு மாற்றாக, மின்பகுப்பால் மிக மெல்லியதாகப் பூசும் முறை மேலைநாடுகளில் வேகமாகப் பரவிற்று; பூச்சு மெலியவே, கூர்மையான மடிப்பில் அது விரிசல் விடுவதும் இரும்பு வெளிப்படுவதும் முன்னைவிடக் கவனிக்கவேண்டியவை ஆயின.

மண்ணெண்ணெய் பீப்பாய்க்கும் தொட்டி வண்டிக்கும் மாறியபின் இந்த வட்டாரத்தில் சதுர டின்னை உயிரோடு வைத்திருந்தது விருதுநகரின் எண்ணெய் வணிகம். கரிசலில் விளைந்த எள்ளும் நிலக்கடலையும் செக்கிலிருந்து ஆலைக்கு வந்தபோது, கடலை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் விற்பனை அளவாக நிலைத்தது 15 கிலோ டின். தமிழ் நாளேடுகள் அச்சிடும் விருதுநகர்ச் சந்தை நிலவரத்தில் எண்ணெய் விலை இன்றும் அந்த அளவில்தான் சொல்லப்படுகிறது. எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது என்பதால் 15 கிலோ எண்ணெய் ஏறத்தாழ பதினாறரை லிட்டர் இடத்தைப் பிடிக்கும். தோற்றத்திலும் பருமனிலும் பழைய மண்ணெண்ணெய் டின்னின் நெருங்கிய உறவாகவே அது அமைந்தது. காலி டின்கள் மீண்டும் மீண்டும் நிரப்பப்பட்டன, ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து அடைக்கப்பட்டன. உணவுப் பொருளைத் தொடும் இணைப்பில் காரீயம் இருப்பதன் தீங்கு பின்னரே பொதுக் கவனத்துக்கு வந்தது. 1998-இல் தில்லியில் கலப்படக் கடுகெண்ணெயால் மக்கள் உடல் வீங்கி இறந்த நிகழ்ச்சிக்குப்பின், சமையல் எண்ணெயை அடைத்து விற்பதை முறைப்படுத்தும் ஆணையை அதே ஆண்டு மத்திய அரசு பிறப்பித்தது. பிளாஸ்டிக் பையும் புட்டியும் சில்லறை விற்பனையைக் கைப்பற்ற அது மேலும் வழிசெய்தது.

ஆலைகள் தகட்டு வேலையை வேறொரு திசையில் வளர்த்தன. ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் என்ற நூற்பாலையைத் தொடங்கினார். பின்னர் அந்நகரில் நூற்பாலைகள் பெருகின. பஞ்சு நூலாகும்போது அறுந்துபோகாமல் இருக்க ஆலைக்குள் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். அதற்கான காற்றைக் கூடம் முழுவதும் கொண்டுசெல்வது துத்தநாகம் பூசிய தகட்டாலான சதுரக் குழாய்த் தடம். மேற்கு மலையடிவாரத்து வறண்ட மாதங்களில் இது இல்லாமல் ஆலை ஓடாது. இந்தத் தடத்தின் நீளவாட்டு இணைப்பு மீண்டும் மூலையில்தான் விழுகிறது: ஒரு தகட்டின் விளிம்பைப் பை போல மூன்றடுக்காக மடித்து, மற்ற தகட்டின் ஒற்றை மடிப்பை அதற்குள் செருகி, பையின் நீட்டிக்கொண்டிருக்கும் உதட்டை அதன்மேல் திருப்பித் தட்டினால் மூலை பூட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரப் பெயரால் வழங்கும் இந்தப் பூட்டு மடிப்புக்கு ஈயம் வேண்டியதில்லை. இணைப்பை மூலையிலேயே பூட்டுவது இதன் சிறப்பு. அதனால் மூலை பலவீனமான இடமாக இல்லாமல் தடத்தின் விறைப்பான முதுகெலும்பாக மாறியது. தகட்டின் தடிமனைக் கேஜ் என்ற எண்ணால் சொல்வது வழக்கம். எண் ஏற ஏறத் தகடு மெலியும், 24 கேஜ் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர், 28 கேஜ் ஏறத்தாழ 0.4.

ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல்லை நம்பி அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம் 1970-ஐ ஒட்டி அமைத்த சிமெண்ட் ஆலை, 1976-இல் உருவான தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்திடம் வந்தது. சிமெண்ட் ஆலைக்குத் தகடு தேவைப்படுவது தூசிக்காக. கல்லும் கரியும் சிமெண்டும் அரைபடும் ஒவ்வோர் இடத்திலும் எழும் தூசியை உறிஞ்சிச் செல்லும் குழாய்களிலும், பொடியைக் கீழே இறக்கும் கூம்புத் தொட்டிகளிலும் மூலையின் இலக்கணம் தலைகீழாகிறது. பஞ்சாலையின் காற்றுத் தடத்தில் கூர்மையான மூலை குற்றமில்லை; சிமெண்ட் தூசியோ கூர்மூலையில் படிந்து, ஈரம் கண்டால் கல்லாக இறுகி, வழியை அடைத்துவிடும். அங்கே மெல்லிய தகட்டு மடிப்புக்கு இடமில்லை. தடித்த தகட்டை வளைத்து மின்வில்லால் பற்றவைக்கும் வேறு தொழிலாளர் அந்த இடத்தை நிரப்பினர்.

சுதந்திரத்துக்குப்பின் 1950-இல் மத்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் தொழிற்பயிற்சி நிலையங்களில் தகட்டு வேலை ஒரு தனிப்பாடமாயிற்று. பட்டறையில் பார்த்துக் கற்றதை வரைபடமாக விரித்து வரையும் கல்வி அதனோடு வந்தது: சதுரக் குழாய் உருளைக் குழாயோடு சேரும் இடைத்துண்டைத் தட்டைத் தாளில் கோடுகளாகப் பிரித்து, அளந்து, வெட்டி, சுருட்டுவது. எவர்சில்வர் அடுக்களையை ஆட்கொண்டபோது, அந்தத் தகட்டின் விறைப்பு கொட்டாப்புளிக்கு எளிதில் இணங்கவில்லை. சேலம் உருக்காலையிலிருந்து 1980-களின் தொடக்கத்தில் துருப்பிடிக்கா எஃகுத் தகடு வரத் தொடங்கியபின், உணவகங்களின் மேசைகளும் தொட்டிகளும் அழுத்த இயந்திரத்தில் மடிக்கப்பட்டு, மூலைகள் வாயுவின் காப்பில் பற்றவைக்கப்பட்டு, தேய்த்து மெருகிடப்படுவன ஆயின. கணினி வழி இயங்கும் லேசர் இயந்திரம் மூலைச் சதுரத்தை வெட்டும்போதே மடிப்புக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் சிறு வட்டத்துளையும் இட்டுவிடுகிறது. மடிக்கையில் தகடு அந்த இடத்தில் கிழியாமலிருக்கப் பழைய தகரக்காரர் ஆணியால் குத்தியதும் அதே துளைதான்.

எண்ணெய் டின்னிலும் மாற்றம் வந்துவிட்டது. புதிய டின் ஆலைகளில் பக்க இணைப்பு கொக்கி மடிப்பாகச் செய்யப்படுவதில்லை. இரண்டு விளிம்புகளும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி, செம்புக் கம்பி ஊடே பாயும் மின்சாரத்தால் உருகி ஒன்றாகின்றன. அடுக்குகள் பெருகாததால் முனையில் நறுக்கல் தேவையில்லை, ஈயமும் தேவையில்லை. பழைய டின்னைப் போல இணைப்பை உளியால் நெம்பி, மடிப்பை நீட்டி, முழுத் தகடாகப் பிரித்தெடுக்க இதில் வழியில்லை. கத்தரி வைத்து வெட்டித்தான் ஆக வேண்டும், வெட்டிய விளிம்பில் முதல் மழைக்காலத்திலேயே துரு ஏறும். காலி டின்கள் தகரக்காரரின் திண்ணைக்குப் போகாமல் எடைக்கு எடை பழைய இரும்புக் கடைக்குப் போகத் தொடங்கியதற்குப் பிளாஸ்டிக் வாளியின் மலிவோடு இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.